முதலில் ஊசி, பிறகே மற்றவை

சகோதர வணிகர்களே! நாம் விற்கும் வேர்க்கடலையும் இறாலும் சிலருக்கு ஒவ்வா. தின்ற சில நிமிஷங்களில் தோல் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

சென்ற ஆண்டு என் கடையில் கடலை மிட்டாய் தின்ற ஒரு சிறுவனுக்கு இவ்வாறு நேர்ந்தது. தாயார் பையில் டாக்டர் கொடுத்த ஊசி இருந்தும், மாத்திரையையும் வெந்நீரையும் தேடி நேரத்தைப் போக்கினோம். ஊசி குத்திய பிறகே மூச்சு சீரானது. அந்தத் தாமதம் என் தவறு.

ஊசியிலுள்ள மருந்து அட்ரினலின். அது சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, தளர்ந்த இரத்தக்குழாய்களை இறுக்கும். அரிப்பு மாத்திரைக்கு இந்த வல்லமை இல்லை.

‘எபிபென்’ ஊசியானால், நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு நிற முனையைத் தொடையின் வெளிப்புறத்தில் ‘கிளிக்’ என்னும் வரை அழுத்தி, 3 விநாடி பிடிக்க வேண்டும். உடைக்கு மேலேயே குத்தலாம். பின் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். உடனே சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள். 5 நிமிஷத்தில் குணம் தெரியாவிடில், இன்னொரு ஊசி இருந்தால் போடலாம். குணம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவது அவசியம்.

‘இதில் கடலை உண்டா?’ என்று கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வதும் வியாபார நாணயமே. கடைப் பையன்களுக்கும் இதைக் கற்றுக் கொடுப்போமாக.