எச்.ஐ.வி. சோதனையும் நாம் உண்ணும் மருந்துகளும்

கிராமங்களில் இரத்தச் சோதனை முகாம் நடைபெறும்போது, "காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு வருகிறேன், இப்போது எச்.ஐ.வி. சோதனை செய்தால் முடிவு சரியாக இருக்குமா?" என்று பலர் வினவுகின்றனர். இதற்கு நாம் தெளிவான விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

காய்ச்சல், வலி, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கு வழக்கமாக உண்ணும் மருந்துகள் இச்சோதனையின் முடிவை மாற்றுவதில்லை. ஆகவே சோதனைக்காக அவற்றை நிறுத்தலாகாது.

முடிவைப் பாதிப்பது பெரும்பாலும் காலமேயாகும். விதைத்த மறுநாள் முளை தெரியவில்லை என்பதால் நிலத்தில் விதையே இல்லை என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். அதுபோலவே, கிருமி உடலில் புகுந்து சில காலம் சென்ற பின்னரே சோதனையில் தென்படும். விரல் நுனி இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் காணும் விரைவுச் சோதனைக்கு 23 முதல் 90 நாட்கள் வரை ஆகும். இரத்த நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் கிருமியின் புரதத்தையும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துக் காணும் ஆய்வுக்கூடச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள் வரை ஆகும். இவ்விடைவெளியில் 'இல்லை' என்று வரும் முடிவை இறுதியானதாகக் கொள்ளலாகாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அது எச்.ஐ.வி. கிருமியையே எதிர்க்கும் மருந்தாகும். கிருமி தொற்றியிருக்கக்கூடும் என்று அஞ்சுவோர் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உண்ணும் தடுப்பு மருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய மருந்து, கிருமி சோதனையில் தென்படுவதைத் தாமதப்படுத்தக்கூடும். எனவே அதனை உண்டவர்கள் ஆலோசகரிடம் மறைக்காமல் கூறி, அவர் குறிக்கும் நாட்களில் மீண்டும் சோதித்துக்கொள்ளுதல் அவசியம். நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் இரத்தத்தில் கிருமி தென்படாத அளவிற்குக் குறைந்துவிட்டாலும், நோய் நீங்கிவிட்டதென எண்ணி மருந்தை நிறுத்தலாகாது.

முதற்சோதனையில் 'உண்டு' என வந்தாலும், வேறு முறைச் சோதனைகளாலும் உறுதி செய்த பின்னரே முடிவு கூறப்படும். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இச்சோதனை இலவசம். 1097 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவருடைய இசைவின்றி இச்சோதனை செய்வதும் முடிவை வெளியிடுவதும் கூடாது. ஊரார் முடிவை அறிவர் என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் சோதனைக்கு முன்வரமாட்டார்கள். அவ்வச்சத்தைப் போக்குவது நம் கையில் உள்ளது.