மனம் நலமாக இருக்கிறதா?

எப்போதும் சிரித்த முகமாக இருப்பதுதான் மனநலம் என்று எண்ணாதீர்கள். இழப்பில் அழுவதும் பரீட்சைக்கு முன் பதறுவதும் நலமான மனத்துக்கும் உண்டு. அன்றாட நெருக்கடியைச் சமாளித்து, வேலையைச் செய்து, நாலு பேரோடு பழக முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

தூக்கம், பசி, பிடித்தவற்றில் ஆர்வம் எல்லாம் இரண்டு வாரமாகக் குறைந்தே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். அப்படிச் சோர்ந்திருப்பவரை வீட்டில் ‘சோம்பேறி’ என்று திட்டவே திட்டாதீர்கள். மனம்விட்டுப் பேசும் வழியே அடைபட்டுப்போகும். தினசரி நடையும் நேரத்துக்குத் தூக்கமும் நிச்சயம் உதவும்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி சேவையை 14416 எண்ணில் அழைத்து 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.