செங்கத்திலிருந்து முதல் பாஸ்போர்ட்: சொல்கிறார்கள், சட்டம் சொல்கிறதா?

ஜவ்வாது மலையில் வீட்டிலேயே பிறந்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் வளர்ந்தவர்கள் இன்று வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலையை நினைத்து அவர்கள் செங்கத்துக்கு இறங்கி வந்தால் காதில் விழும் முதல் பேச்சு, "பிறப்புச் சான்றிதழ் இல்லையா? அப்போ பாஸ்போர்ட் வராது."

வரும். 2025 பிப்ரவரியில் திருத்திய விதிப்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளி டி.சி., பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பத்திரம் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால் போதும். பணம் வாங்கிக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்து தருகிறேன் என்பவர் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. சிக்குவது விண்ணப்பித்தவர்தான்.

"ஆதார் ஒன்று போதும்" என்பதும் சரியல்ல. முகவரிக்கு ஆதார் நல்ல சான்று. பிறந்த தேதிக்கு அது சான்றல்ல என்று இப்போது வரும் அட்டைகளிலேயே அச்சிட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் வயதுக்கு ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழையே ஏற்றது. ஆகவே டி.சி.யைப் பத்திரப்படுத்துங்கள். டி.சி.யில் ஒரு தேதி, ஆதாரில் இன்னொரு தேதி என்றால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

பத்தாவது தேறாதவருக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் ஈ.சி.ஆர். என்று குறிப்பார்கள், சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு தரும் உறுதிமொழிகளுக்கு நோட்டரி கையெழுத்தும் தேவையில்லை. 2016 டிசம்பர் முதல் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியே செல்லும்.

இனிஷியலை மட்டும் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்கமாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. குடும்பப்பெயர் கட்டத்தில் தந்தை பெயரை எழுதிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

மலையில் ஆழமாக வேரூன்றிய பயம் வேறு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை மக்கள் பலர்மீது செம்மர வழக்குகளும் உண்டு. "பேரு கேஸ்ல இருக்கு, இனி பாஸ்போர்ட்டே கிடையாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதோ, காவல்துறை விசாரணை நடப்பதோ மட்டும் தடையல்ல என்று வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் தடை வரும். அப்போதும் அதே நீதிமன்றத்தில் மனுச் செய்து வெளிநாடு செல்ல அனுமதி வாங்கலாம். எத்தனை காலத்துக்கு என்று உத்தரவில் சொல்லாவிட்டால் ஓராண்டுக்குப் பாஸ்போர்ட் தருவார்கள். வழக்கு இருப்பதை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டையோ பறிமுதல் செய்யலாம்.