நீலியின் வழக்கு

நுழையும்முன்

அச்சமூட்டும் கதைகளை மக்கள் விரும்பிக் கேட்கின்றனர். பொருள் கொடுத்துத் திரையிலும் காண்கின்றனர். தொண்டை நாட்டில் தோன்றிய பேய்க்கதை ஒன்று எதற்கு அஞ்சச் சொல்கிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைக் குறிப்பிடுகிறார். பேயும் ஆள்வோனும் ஒரே வரிசையில் நிற்பது கருதத்தக்கது.

பொய்யாக அழுபவரை 'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்று கடிவது தமிழ் வழக்கு. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இத்தொடரை அறியாதார் அரியர். இதற்கு மூலமான பழையனூர், திருவாலங்காட்டை அடுத்துள்ளது. முற்பிறப்பில் கட்டிய மனைவியைக் காட்டுவழியில் கொன்றவன், மறுபிறப்பில் வணிகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயாகி அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவர் என் கணவர். என்னைக் கைவிட்டுச் செல்கிறார்' என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் அழுகிறாள். வணிகன் அஞ்சி மறுக்கிறான். அவையோர் அவனுடைய காவல் வாளை நீக்கி அவளுடன் தங்கச் செய்கின்றனர். அவனுக்குத் தீங்கு நேரின் தாமும் உயிர்விடுவதாக வாக்களிக்கின்றனர். விடியலில் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்பாய்ந்து மாய்கின்றனர்.

திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சிக்குக் குறிப்பு உண்டு. வாய்மை காத்த வேளாளர்க்குப் புகழ் நிலைத்தது. நீலிக்கோ இகழ்ச்சித் தொடரே எஞ்சியது. அவள் கண்ணீரில் பொய் எவ்வளவு? குழந்தை பொய், கணவன் என்றது முற்பிறப்பு நோக்கில் மெய். கொலையுண்டவளின் முறையீடு பொய்யழுகைக்கு உவமையானதே இக்கதையின் மிகக் கொடிய பகுதி எனலாம்.

அவள் ஊரவையை நாடியதும் தற்செயலன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), குடவோலைத் தேர்வுக்கு உரியோரின் நிலம், வயது, கல்வி ஆகியவற்றை வரையறுக்கின்றன, கணக்குக் காட்டாதவரை விலக்குகின்றன. அவையை இத்துணை மதித்த நாட்டில், நல்லோர் அவையே தோற்றம் கண்டு ஏமாறுவது பேயினும் பேரச்சம் தந்திருக்கும்.

சமணர் இக்கதையை வேறு வழியில் திருப்பினர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், பழையனூர் நீலி முனிச்சந்திரரிடம் அறம் கேட்டுத் திருந்துகிறாள். பின்னர்ப் பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். அழுது ஏமாற்றியவள் அங்கே தருக்கம் பேசுகிறாள்! தென்மாவட்டங்களில் நீலி வில்லுப்பாட்டில் வாழ்கிறாள்.

திரைப்படப் பேய்களும் பெரும்பாலும் அவள் வழியினவே. 'சந்திரமுகி' (2005) பேயை மனநோயாக விளக்கினாலும், வேட்டையனின் உருவப்பொம்மை எரிந்த பின்னரே நாயகியின் சீற்றம் தணிகிறது. 'காஞ்சனா'வில் (2011) நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட திருநங்கை, சட்டம் தண்டிக்காதவனைத் தேடி வருகிறார். நகைச்சுவை மிகுந்த அப்படத்தில் நெஞ்சில் தங்குவது அவருடைய முன்கதையே. மிஷ்கினின் 'பிசாசு' (2014) மட்டும் மாறி நடக்கிறது: தன் இறப்புக்குக் காரணமானவனையே அப்பேய் காத்து நிற்கிறது. அவன் உண்மையை அறிவதோ படத்தின் இறுதியில்தான்.