மணல் என்று சொல்வதற்கு முன் ஒரு குழி

லடாக்கில் சிந்து நதியை ஒட்டிய ஷே, திக்சே, சோக்லம்சர் பக்கங்களுக்கு மரம் நடவும் தோட்டம் போடவும் மண் ஆராயவும் கோடையில் ஆட்கள் வருகிறார்கள். வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஆற்றங்கரையில் ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டு, "வெறும் மணல், தண்ணி நிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மேலாகக் கிடக்கும் ஒரு சாண் மண்ணுக்கு அது சரி. பயிர் பிழைக்குமா காயுமா என்பதைத் தீர்மானிப்பது அதற்குக் கீழே இருக்கிறது.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை, பனி எல்லாம் சேர்ந்தே சுமார் 100 மி.மீ.தான். ஜூலை, ஆகஸ்டில் பனியும் பனிப்பாறைகளும் உருகி ஆறு பெருகும். வேகமாக ஓடும்போது பரலையும் மணலையும் போட்டுவிட்டுப் போகும்; வேகம் தணிந்தால் நைசான வண்டலைப் படியவிடும். அடுத்த வெள்ளம் அதன் மேல் வேறொன்றைப் போடும். இங்கே மண் என்பது இந்த அடுக்குகள்தான்.

அவற்றைப் பார்க்கக் குழி வெட்ட ஏற்ற மாதம் செப்டம்பர். ஆறு வடிந்திருக்கும், நிலம் இன்னும் உறைந்திருக்காது. இடம் வெறுமையாகத் தெரிந்தாலும் உரியவரைக் கேட்காமல் மண்வெட்டி வைக்கக் கூடாது. ராணுவ நிலமும் இங்கே நிறைய.

முதலில் சுற்றிலும் கிடக்கும் கற்களைப் பார்க்க வேண்டும். உருண்டு மழமழவென்று இருந்தால் பெரிய ஆறு கொண்டுவந்தவை. முனை மழுங்காத கற்கள் மிகுந்திருந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்த விசிறிப் படிவு. லே நகரமே அப்படி ஒரு விசிறியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாறையும் சேறும் அடுக்கே இல்லாமல் கலந்து கிடந்தால், 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டிய மேகவெடிப்பில் சோக்லம்சரைப் புதைத்ததுபோன்ற சேற்றுப் பெருக்கு என்று சந்தேகிக்கலாம். காற்று கொண்டுவந்த மணலும் உண்டு. நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணல்மேடுகள் அதற்குப் பேர்போனவை. அந்த மணலில் மணிகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், பரல் இருக்காது. வெள்ள மணலில் பரலும் சுள்ளியும் காக்காப்பொன் மினுக்கும் கலந்திருக்கும்.

குழி 1 மீட்டர் ஆழம் போதும். மணல் சுவர் சொல்லாமல் சரியும், அதனால் ஒரு பக்கத்தைப் படிபோல் வெட்டிக்கொள்ள வேண்டும். ஆராயப்போகும் சுவர் வெயில் படும் பக்கமாக இருக்கட்டும்.

இனிமேல்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வெட்டிய உடனே சுவரைப் பார்த்தால் முழுக்க ஒரே சாம்பல் நிறம். அடுக்கு எதுவும் கண்ணில் படாது. உடனே ஒளிப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மண்வெட்டி தேய்த்த தடத்தைக் கத்தி முனையால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வறண்ட காற்றில் மணல் பட்டைகள் முதலில் உலர்ந்து வெளுக்கும். வண்டல் பட்டைகள் ஈரத்தை விடாமல் கருமையாகவே நிற்கும். விரல் கனமே உள்ள பட்டைகூட அப்போது கோடு போட்டதுபோல் தெரியும்.

அந்தக் கரிய பட்டையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: "களிமண்!" பெரும்பாலும் அது களிமண் இல்லை. பனிப்பாறை தன் அடியிலுள்ள பாறையை அரைத்து உண்டாக்கிய நைசு வண்டல். வழவழப்பாக இருக்கும், ஒட்டாது. சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. நெல்லிக்காய் அளவு மண்ணை நன்றாக நனைத்து உள்ளங்கையில் வைத்து, கையைப் பக்கவாட்டில் தட்ட வேண்டும். மேற்பரப்பில் தண்ணீர் பளபளவென்று கசியும். விரலால் அழுத்தினால் பளபளப்பு மறையும். இப்படி நடந்தால் வண்டல். களிமண்ணில் இது நடக்காது. உலர்ந்த கட்டியையும் சோதிக்கலாம்: வண்டல் விரலில் நசுங்கித் தூளாகும், களிமண் கட்டி உடையவே அடம்பிடிக்கும். இந்த வேறுபாடு முக்கியம். களிமண் அளவுக்கு இந்த வண்டல் சத்துகளைப் பிடித்துவைக்காது. அதை நம்பி உரத்தை மொத்தமாகக் கொட்டினால் பாசனத்தோடு கீழே போய்விடும். உரம் கொஞ்சங்கொஞ்சமாகத்தான். அதைவிட மட்கு நல்லது. லடாக்கியர்கள் தங்கள் உலர் கழிப்பறை எருவை மண்ணோடு கலந்து வயலுக்குக் கொண்டுபோவது காரணமில்லாமல் அல்ல.

பட்டைகளை அடையாளம் கண்டதும் அவை தண்ணீரை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். குழிக்குள் யாரும் இல்லாதபோது, சுவரின் விளிம்புக்கு ஓரடி பின்னால் பூவாளியால் ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் ஈரம் இறங்குவது சுவரில் தெரியும். வண்டலுக்குக் கீழே பரல் இருந்தால் ஈரம் அந்த எல்லையில் வந்து நின்றுவிடும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பரலில் தண்ணீர் சல்லென்று இறங்க வேண்டாமா? இறங்காது. வண்டலின் நுண்ணிய துளைகள் ஈரத்தை இறுகப் பிடித்திருக்கும். வண்டல் ஏறக்குறைய நிரம்பிய பிறகே பரலின் பெரிய துளைகளுக்குள் தண்ணீர் நுழையும். வேர் எட்டும் ஆழத்தில் இப்படி ஒரு பட்டை அமைந்தால் அது இலவசத் தொட்டி. கடப்பாரையால் அதை உடைத்து "வடிகால் சரிசெய்கிறவர்கள்" உள்ளதையும் கெடுக்கிறார்கள்.

உடைக்க வேண்டிய நிலையும் ஒன்று உண்டு. நீர்மட்டம் மேலாக இருந்து, நிலத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண் கீழிருந்து உப்புநீரை இழுக்கிறது. அந்த வெள்ளையை முதலில் தண்ணீரில் போட வேண்டும். கரையாமல் கிடந்து, வினிகர் பட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு, பெரிய பயமில்லை. கரைந்தால் உப்பு. கரையவும் செய்து நுரைக்கவும் செய்தால் சோடா உப்பு. மூன்றிலும் அதுதான் தொல்லை. உப்பு என்று உறுதியானால், கழுவிய தண்ணீர் வெளியேற வடிகால் வெட்டிய பிறகே குறுக்கே நிற்கும் பட்டையை உடைக்க வேண்டும். வடிகால் இல்லாமல் எத்தனை முறை பாய்ச்சினாலும் உப்பு திரும்ப மேலே வரும்.

மாதிரி எடுப்பதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: மேல் 30 செ.மீ. மண்ணை ஒரே வாளியில் கலக்கி ஆய்வகத்துக்கு அனுப்புவது. வயல் மண்ணுக்கு அது பொருந்தும். ஆற்றுப் படிவில் ஆழம் போகப்போகக் கரிமம் சீராகக் குறையாது. பழைய மேல்மண் புதைந்திருந்தால் கீழே திடீரென்று கூடும். அமெரிக்க மண் வகைப்பாடு 'ஃப்ளூவென்ட்' என்று தனித் துணைவரிசை வைத்திருப்பதே இந்த ஒழுங்கின்மையை அடையாளமாகக் கொண்டுதான். அடுக்குக்கு ஒரு பை. பையின் மேல் எத்தனை செ.மீ. முதல் எத்தனை வரை என்று பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

செடிகளும் துப்புத் தரும். சீபக்தார்ன் புதர் அடர்ந்திருந்தால் வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துவதால் ஏழை மண்ணுக்கும் நல்லது. மரம் நட வந்தவர்கள் முதலில் செய்வது அந்த முட்புதரைப் பிடுங்கி எறிவது. வேண்டாம். அதன் ஓரத்திலேயே வில்லோ போத்துகளை நடலாம்.

குழியை மூடும்போது அடுக்குகள் இருந்த வரிசையிலேயே திருப்பிப் போட வேண்டும்: பரல் அடியில், வண்டல் அதன் மேல் மிதித்து இறுக்கி, மணல் கடைசியில். அன்றைக்கே மூடிவிடுவது நல்லது. இரவில் கழுதையோ மாடோ விழுந்தால் ஊராருக்குப் பதில் சொல்லி மாளாது.