மலேரியா இரத்தத் தகடும் கணிப்பொறியும்

1880-ஆம் ஆண்டில் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளி ஒருவரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை முதன்முதலாகக் கண்டார். இரத்தத் தகட்டை நுண்ணோக்கியால் ஆராய்வது இன்றும் மலேரியாவை உறுதி செய்யும் முக்கிய முறைகளுள் ஒன்றாகும். இப்பணிக்குப் பழகிய கண்ணும் பொறுமையும் வேண்டும். இதில் கணிப்பொறி எவ்வளவு துணை புரியும் என்பதைக் காண்போம்.

கற்கும் முறை

நியூரல் நெட்வொர்க் என்பது பல அடுக்குகளாக அமைந்த ஒரு கணக்கு முறை. உயிரணுவின் படம் எண்களாக மாற்றப்பட்டு அதனுள் செலுத்தப்படுகிறது. முதல் அடுக்குகள் விளிம்பையும் நிறத்தையும் பிரித்தறிகின்றன. அடுத்தவை அவற்றை இணைத்து வளையம், புள்ளி முதலிய வடிவங்களை அறிகின்றன. விடை தவறும்போதெல்லாம், பிழை குறையுமாறு உள்ளிருக்கும் எண்கள் சிறிது திருத்தப்படுகின்றன.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் இதற்கென 27,558 சிவப்பணுப் படங்களை ஆராய்ந்தனர். வங்காள தேசத்தின் சிட்டகாங் நகர மருத்துவமனையில், 150 நோயாளிகள், நோயற்ற 50 பேர் ஆகியோரின் தகடுகளை ஜீம்சா சாயமிட்டு, நுண்ணோக்கியில் பொருத்திய கைபேசியால் எடுத்த படங்கள் இவை. ஒட்டுண்ணி உள்ளவையும் இல்லாதவையும் சரிபாதி.

ஒரு கணக்கு

நோயாளியின் இரத்தத்தில் இந்தச் சரிபாதி இராது. 1,000 அணுக்களில் ஒன்றில் மட்டும் ஒட்டுண்ணி இருப்பதாகக் கொள்வோம். 5,000 அணுக்களில் 5 மட்டுமே நோயுற்றவை. நூற்றுக்கு ஒன்று தவறும் கருவி, நலமான 4,995 அணுக்களுள் ஏறத்தாழ 50-ஐ நோயுற்றவை என்று காட்டும். நோயே இல்லாதவரின் தகட்டிலும் அதே 50 தோன்றும். எனவே, நூற்றுக்கு 99 சரி என்னும் பெருமையை மட்டும் நம்பி ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று கூறலாகாது.

ஆயினும் பயன் உண்டு. பரிசோதகர் 5,000 அணுக்களுக்குப் பதிலாகக் கருவி பொறுக்கிய 55-ஐ மட்டும் கூர்ந்து நோக்கி முடிவு செய்யலாம். மேலும், கருவியைச் சோதிக்கும்போது, அது கற்ற படங்களுக்குரிய நோயாளிகளை விலக்கி, புதிய நோயாளிகளின் தகடுகளையே தர வேண்டும். ஒருவருடைய தகட்டின் நிறச் சாயல் அதன் எல்லா அணுக்களிலும் படிந்திருக்கும்.

ஊழியர் கவனத்திற்கு

வடிகட்டாத சாயத்தின் துகள்கள் ஒட்டுண்ணிபோல் தோன்றிக் கண்ணையும் கருவியையும் ஒருங்கே ஏமாற்றும். தூய தகடும், மெல்லிய பூச்சும், வடிகட்டிய சாயமுமே நல்ல முடிவின் அடிப்படை. ஆசிரியர்கள் 1,000 வெள்ளை மணிகளுள் ஒரு கருமணியை இட்டுத் தேடச் செய்து, மேற்கண்ட கணக்கை மாணவருக்கு விளக்கலாம்.