மடை அடைக்கும் நேரம்

அன்புள்ள கயல்,

ஆச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டாள் என்று உன் அப்பா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. “விறகுக்கட்டுக்குள் கிடந்த செந்தேள் கொட்டியது விரலில்தானே சித்தப்பா? உடம்பு முழுக்க ஏன் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு ஏன் அப்படிப் படபடத்தது?” என்று கேட்டாயே, போனில் சொன்ன அரைகுறைப் பதில் போதாது. அதனால் எழுதுகிறேன்.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும் நாளில் தாத்தா வயலுக்குப் பாய்ச்சுவதைப் பார்த்திருக்கிறாய். மம்பட்டியால் மடையை வெட்டிவிடுவார். வயல் நிறைந்ததும் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டு அடைப்பார். நரம்பணுவின் மெல்லிய உறையிலும் அப்படி மடைகள் உண்டு. அவை புரதத்தால் ஆனவை. பெயர் அயனிக் கால்வாய்.

உறைக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே பொட்டாசியம் மிகுதி. நரம்பு ஓய்ந்திருக்கும்போது உள்பக்கத்து மின்னழுத்தம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. ஒரு தூண்டல் வந்து அந்த வித்தியாசம் கொஞ்சம் குறைந்தால் போதும், சோடியம் மடை திறந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அங்கே மாறிய மின்னழுத்தம் அடுத்த மடையைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. நரம்புச் செய்தி ஓடுவது இப்படித்தான்.

ஆனால் திறந்த மடை ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில் அடைபட்டாக வேண்டும். அந்தப் புரதத்தின் ஒரு துண்டே வாயில் வந்து அடைத்துக்கொள்கிறது. சற்றுத் தாமதமாகப் பொட்டாசியம் மடைகள் திறக்க, பொட்டாசியம் வெளியேறி நரம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் இந்தக் கணக்கைக் கணவாயின் தடித்த நரம்பில் அளந்து 1952-இல் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தூத்துக்குடி மீன்கடையில் நீ பார்க்கும் ஊசிக்கணவாயின் இனம்தான் அந்தக் கணவாய்.

செந்தேளின் நஞ்சு கைவைப்பது இந்த அடைப்பில்தான். சோடியம் மடை உரிய நேரத்தில் மூடாதபடி பிடித்துவைக்கிறது. ஒரு முறை துடித்து அடங்க வேண்டிய நரம்பு திரும்பத் திரும்பத் துடிக்கிறது. விரலில் தீயாய் எரிகிறது. நஞ்சு ரத்தத்தில் கலந்து, நம் சொல் கேட்காமல் இயங்கும் நரம்புகளையும் எட்டினால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் மடை திறந்த வெள்ளமாய்ப் பாய்கின்றன. வேர்க்கிறது, கைகால் சில்லிடுகிறது, ரத்தக்குழாய்கள் இறுகி இதயம் திணறுகிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இறுகிய குழாய்களைத் தளர்த்தும் பிராசோசின் மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். அந்த மருந்து நரம்பின் மடையை மூடுவதில்லை. வெள்ளம் செய்யும் சேதத்தைத் தடுக்கிறது.

இன்னொன்றும் கேள். இதே செந்தேளின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஐபீரியோடாக்சின், ஒருவகைப் பொட்டாசியம் மடையை மட்டும் அடைக்கும். எந்த மடை என்ன வேலை செய்கிறது என்று கண்டறிய உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நரம்பு என்றால் திறப்பதும் பாய்வதும்தான் என்று நினைத்துவிடாதே, கயல். நேரத்துக்கு அடைபடுவதால்தான் ஒரு துடிப்பு செய்தியாகிறது. அடைபடாவிட்டால் அது வெறும் வலி.

ஆச்சியிடம் சொல்: இனி விறகைக் கம்பால் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். யாரைத் தேள் கொட்டினாலும் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த முறை வயலுக்குப் போனால், தாத்தா எப்போது மம்பட்டியை மறுபடி கையில் எடுக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா